நடிகர் இயன் ஹோம் புகழின் உச்சியில் மேடையை விட்டு விலகியது ஏன்?

இன்றைய தலைமுறை 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களின் பில்போவாக மட்டும் அறிந்திருக்கும் இயன் ஹோம், ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் உருவாகி, ஹரோல்ட் பின்டரின் 'தி ஹோம்கமிங்' நாடகத்துக்காக 1967இல் அமெரிக்க நாடகத்துறையின் உயரிய டோனி விருது பெற்றவர். 1976இல் லண்டனில் வேறொரு நாடகத்தின் முன்னோட்டக் காட்சிகளின்போது தாக்கிய கடுமையான மேடை அச்சமே அவர் விலகியதற்குக் காரணம்; அதன்பின் 1993 வரை அவர் மேடையேறியது மிக அரிது.

அந்த இழப்பு திரைக்கு வரவாயிற்று. 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில் (1981), அரங்கத்துக்குள் செல்லாமல் விடுதி அறையிலேயே காத்திருந்து, தொலைவில் கொடி ஏறுவதைக் கண்டு தன் சீடன் வென்றதை உணரும் பயிற்சியாளராக அவர் நடித்த காட்சியை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன். அவருடைய ஒரே ஆஸ்கர் பரிந்துரை அந்த வேடத்துக்கே கிடைத்தது.

பின்டரின் நாடகம் ஒன்றின் மூலமே மேடைக்குத் திரும்பியவர், 1997இல் நேஷனல் தியேட்டரில் லியர் மன்னனாக நடித்து பிரிட்டிஷ் நாடகத்துறையின் ஒலிவியே விருதையும் வென்றார்.