வீட்டிலேயே இருப்பவர்கள் கொல்லையில் வரும் குருவிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது வெட்டிப் பொழுதா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தையும் படித்தேன். கேமரா கிடையாது, பைனாகுலர் கிடையாது, சரணாலயம் எதற்கும் போக வழியில்லை, சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பதெல்லாம் பறவை பார்ப்பதில் சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவர் என்று ஊகிக்கிறேன். யாரோ ஏதோ சொல்லி மனம் நொந்திருக்கிறீர்கள். "வெட்டிப் பொழுது" என்ற சொல்லை நீங்களாகப் போட்டிருக்க மாட்டீர்கள்.

சேரும். தாராளமாகச் சேரும். காட்டுக்குப் போய்ப் பார்ப்பவருக்கு ஒரு பறவை சில நிமிடம் காட்சி கொடுத்துவிட்டுப் பறந்துவிடும். அது துணை தேடுவது, கூடு கட்டுவது, குஞ்சை வளர்த்துப் பறக்கவிடுவது எல்லாம் பார்க்கக் கிடைப்பது ஒரே இடத்தில் நாள் முழுக்க இருப்பவருக்குத்தான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு மயிலாடுதுறைப் பக்கம். பழைய ஓட்டு வீடு. கொல்லையில் கிணறு, துவைக்கிற கல், தென்னை, முருங்கை, கறிவேப்பிலை, வேலியோரம் செம்பருத்தி, கிணற்றடித் தண்ணீர் போய்ப் பாய்கிற இடத்தில் வாழை. சமையற்கட்டு ஜன்னலைத் திறந்தால் துணி காயப்போடுகிற கொடி நேர் எதிரே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஜன்னலோரம்தான் எனக்கு நிலையான இடம்.

ஒரு மாசி மாதம், அந்தக் கொடியின் ஓரத்தில் முடிச்சுப் போட்டு மீந்து தொங்கிய கயிற்று நுனியில் தேன்சிட்டு ஒன்று திரும்பத் திரும்ப வந்து தொற்றிக்கொண்டு நின்றது. பழுப்பு முதுகு, வெளுத்த தொண்டை, மஞ்சள் மார்பு, பெண் குருவி. பச்சை உச்சியும் கருஞ்சிவப்பு முதுகுமாக ஆண் குருவி செம்பருத்தியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. வேலை முழுவதும் பெண்தான் செய்தது. தாழ்வாரத்து ஓட்டுச் சந்தில் இருந்த ஒட்டடையை அலகில் சுருட்டி எடுத்துவரும். கயிற்றைச் சுற்றிச் சுற்றி வந்து ஒட்டும். தலையைச் சாய்த்துப் பார்க்கும். போதாதென்று மறுபடியும் ஓடும். அந்த ஒட்டடைதான் பிசின், அதுதான் நூல். நார், காய்ந்த புல் என்று சேர்த்துச் சேர்த்து ஒரு சிறு பை தொங்க ஆரம்பித்ததும், உள்ளே புகுந்து உடம்பால் நெட்டித் தள்ளி அகலப்படுத்தியது. பக்கவாட்டில் ஒரு வாசல். வாசலுக்கு மேலே மழை, வெயில் படாமல் சிறு இறவாரம்! வெளிப்புறத்தில் மரப்பட்டைத் துணுக்கும் காய்ந்த இதழும் பூச்சிப் புழுக்கையும் ஒட்டி வைத்ததில், தெரியாதவர் கண்ணுக்கு அது சிலந்தி வலையில் சிக்கிய குப்பை. உள்ளே படுக்கைக்கு எருக்கம் பஞ்சு. எருக்கு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் தெருக்கோடியில் இருந்த செடியை நான் அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

அந்த மாதம் தாழ்வாரத்தில் ஒட்டடை அடிக்கவே இல்லை. ஊரிலிருந்து வந்த நாத்தனார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, வீட்டை இப்படி வைத்திருக்கிறீர்கள்?" என்றார். குருவிக்கு வேண்டும் என்றேன். அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. துணியைத் திண்ணைப் பக்கம் வேறு கயிறு கட்டிக் காயப்போட்டேன். இரண்டு முட்டை. இந்தத் தேன்சிட்டு அடைகாப்பது 14 முதல் 16 நாள். மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதுகிற கட்டத்திலேயே கூட்டின் கணக்கையும் குறித்துக்கொண்டேன். குஞ்சு பொரித்ததும், அதுவரை பாட்டோடு நிறுத்திக்கொண்டிருந்த ஆணும் இரை எடுத்துவந்தது. ஊட்டியது சிலந்தியும் சிறு பூச்சியும். குஞ்சின் எச்சத்தைக்கூட அலகில் கவ்வி எட்டக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரும். கூட்டுக்கு அடியில் வெள்ளைத் திட்டு விழுந்தால் காக்கைக்கு அடையாளம் தெரிந்துவிடுமே.

இந்த நிலையில் உறவுக்காரப் பையன் ஒருவன் தன் நண்பரை அழைத்துவந்தான். நண்பர் கையில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். படம் எடுக்கட்டுமே என்று விட்டேன். கூட்டின் வாசலை மறைத்தாற்போல இருந்த செம்பருத்திக் கிளையை ஒடிக்க அவர் கையை நீட்டினார். "கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் அம்மா" என்றார். "கிளையைத் தொடாதீர்கள் தம்பி. அது இருப்பதால்தான் காக்கைக்கும் ஓணானுக்கும் கூடு தெரியாமல் இருக்கிறது. மதிய வெயிலுக்கும் அதுதான் நிழல்" என்றேன். ஒரு இலையை மட்டுமாவது என்று கெஞ்சினார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். பையனுக்கு என்மேல் கோபம். அவனுடைய அம்மா போன் செய்து, "ஒரு குருவிக்காகப் பிள்ளையின் நண்பனை அவமானப்படுத்தலாமா?" என்று கேட்டார்.

கேமரா வைத்திருப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கூட்டுப் பக்கமே போகாத நல்ல படக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், பல பறவை ஆர்வலர் குழுக்கள் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை என்பதும் தெரியும். கீழே சண்டைக்கு வரவேண்டாம். கருவி கையில் இருந்தால்தான் பறவை பார்ப்பவர் என்கிற எண்ணத்தைத்தான் குறை சொல்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு நேரடித் தொடர்பில்லாவிட்டாலும். ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கப் போனேன். படிவத்தில் "தொழில்" என்ற இடத்தில் நான் வாய் திறப்பதற்குள் அங்கிருந்தவர் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டார். விடிகாலை வாசல் தெளிப்பதிலிருந்து இரவு பாலுக்கு உறை ஊற்றுவது வரை செய்வதெல்லாம் ஒன்றுமில்லையா? அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வீட்டு வேலை மட்டும் செய்கிறவர்கள் "வேலை செய்யாதவர்கள்" பட்டியலில்தான். இப்படி எழுதி எழுதித்தான், நாம் ஜன்னலில் நின்று பார்ப்பதுகூட வெட்டிப் பொழுதாகிவிட்டது. அலுவலகத்தில் இருந்து வந்து மாலையில் தொலைக்காட்சி பார்ப்பவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஜன்னலில் பார்ப்பது கணக்கில் சேருமா என்றால், உண்மையாகவே கணக்கில் சேர்கிறது. தமிழகத்தில் 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதி, அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். கணுப்பொங்கல் காலையில் மஞ்சள் இலையில் கலர் கலராகச் சோற்றுருண்டை வைத்து "காக்காப்பிடி வைத்தேன், கணுப்பிடி வைத்தேன்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து பட்டியல் எழுதுகிறேன். காக்கை, மைனா, தவிட்டுக்குருவிக் கூட்டம், சில சமயம் தென்னையிலிருந்து இறங்கிவரும் வால்காக்கை. மகள் அதைத் தளத்தில் ஏற்றித் தருவாள். 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, இப்படிச் சாதாரண மக்கள் ஏற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்துத்தான் எழுதப்பட்டது. சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்திருந்தாலும், நாடு முழுவதும் பார்த்தால் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கிறது என்று தெரியவந்ததும் அதில்தான். அதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

"கொல்லை வைத்திருக்கும் வசதிக்காரர் பேச்சு" என்று யாராவது சொல்லக்கூடும். மாடிக் குடியிருப்பில் ஒரு தொட்டியில் செம்பருத்தி வைத்த என் தங்கை வீட்டுக்கும் தேன்சிட்டு வருகிறது. பெரிய இலைச் செடி இருந்தால் தையல்சிட்டு இலையின் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டவும் கூடும்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் தண்ணீர் வையுங்கள். கொசு முட்டையிடும், ஆகவே தினமும் கொட்டிவிட்டு மாற்றுங்கள். பக்கத்தில் பூனை பதுங்க இடம் இருக்கக்கூடாது. மீந்த சாம்பார் சாதம், மிக்சர் எல்லாம் போடாதீர்கள். உப்பும் எண்ணெயும் அவற்றுக்கு ஆகாது. வாழைச்சருகை ஒரு மூலையில் கூட்டாமல் விடுங்கள். ஐப்பசி வாக்கில் வடக்கேயிருந்து வரும் ஆறுமணிக்குருவி எங்கள் கொல்லையில் சருகைப் புரட்டித்தான் புழு பொறுக்குகிறது. பைனாகுலர் வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம். முதலில் ஒரு காலண்டரும் பேனாவும் ஜன்னலோரம் மாட்டி வையுங்கள்.

கறிவேப்பிலை அவசியம் வையுங்கள். அதன் கருத்த பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் கட்டாயம் வரும். கன்றுக்கு நர்சரிக்கு அலையவேண்டாம். அந்தக் குருவிகளே விதையைக் கொண்டுவந்து போட்டுவிடுவதால், காய்க்கிற மரம் இருக்கும் எந்த வீட்டுக் கொல்லையிலும் சிறு கன்றுகள் முளைத்துக் கிடக்கும். கேட்டால் வேரோடு பிடுங்கிக் கொடுத்துவிடுவார்கள்.