ஒரு வடம் என்றால் எத்தனை?

கேள்வி: தேர் இழுக்க வடம், நங்கூரத்துக்கு வடம், நகைக்கடையில் இரட்டை வடச் செயின். கடலில் கிடந்த சொல்தானே கழுத்துக்கு ஏறியது? கோயில் நகை செய்யும் வடசேரிக்கும் அதனால்தானே அந்தப் பெயர்?
– வாசகர், குளச்சல்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வடசேரிக்கும் வடத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வடம் என்ற சொல்லோடு சேரி சேர்ந்தால், வடக்கயிறு போல வல்லினம் மிகுந்து 'வடச்சேரி' ஆகியிருக்கும். நாகர்கோவில் பேருந்தில் நடத்துநர் கூவுவதைக் கேளுங்கள். அந்த 'ச்' அங்கே இல்லை. அது வடசென்னை, வடகரையில் வரும் திசை 'வட'. ஆலமரத்தைக் குறிக்கும் வடமொழி 'வட'மும் வேறு. திருவாலங்காட்டை வடாரண்யம் என்பது அதனால். கழுத்தில் யாரும் ஆலமரத்தைத் தொங்கவிடுவதில்லை.

கடலிலிருந்து கழுத்துக்கா, கழுத்திலிருந்து கடலுக்கா என்ற ஆராய்ச்சி இருக்கட்டும். இரண்டு இடத்திலும் கணக்கு தலைகீழ் என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. கடலில் பல புரி சேர்ந்தால் ஒரு வடம். கழுத்தில் பல வடம் சேர்ந்தால் ஒரு மாலை.

தேங்காய்த் தும்பை வலமாகத் திரித்தால் நூல். நூல்களைச் சேர்த்து இடமாக முறுக்கினால் புரி. மூன்று புரியை மறுபடி வலமாக முறுக்கினால் கயிறு. அப்படி மூன்று கயிற்றை இடமாக முறுக்கியது பழைய கப்பல்களின் நங்கூர வடம். ஆக ஒன்பது புரி. முறுக்கு மாறி மாறிப் போவதால்தான் ஒன்று அவிழப் பார்க்கும்போது மற்றது அதை இறுக்கிப் பிடிக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் முறுக்கினால் கையை விட்டதும் பிரிந்துவிடும். வலமுறுக்குக் கயிற்றை வலஞ்சுழியாகத்தான் சுருட்டிவைக்க வேண்டும். மாற்றிச் சுருட்டினால் ஓடும்போது கண்ணி விழும். அதை எடுத்துவிடாமல் இழுத்தால் புரி மடிந்து உள்ளே நார் அறும். வெளியே ஒன்றும் தெரியாது. காற்று ஏறும் நாளில் அந்த இடத்தில்தான் போகும். நீளத்திலும் கஞ்சத்தனம் கூடாது. 10 பாகம் (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்) ஆழமென்றால் 50 பாகம் கயிறாவது விட்டால்தான் இழுப்பு படுக்கையாக விழுந்து நங்கூரம் மண்ணில் கொளுவும். குறைத்தால் அது நிமிர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். நைலான் வந்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை.

தேர் வடமும் இந்த இனம்தான். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தில் எத்தனை கை பிடித்தாலும் அது ஒரு வடம்.

நகையில் வடம் என்பது தனித்தனிச் சரம். முத்தோ மணியோ கோத்த ஒரு வரிசை, அல்லது ஒரு செயின் இழை. இரட்டை வடம் என்றால் இரண்டு இழை ஒன்றையொன்று முறுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் தொங்கி முகப்பில் சேர வேண்டும். வீட்டில் மணி கோக்கிறவர்கள் எல்லா வடத்தையும் ஒரே நீளத்தில் வெட்டிவிடுகிறார்கள். போட்டுப் பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொள்ளும். முன்பக்கம் அரைவட்டமாக விழுந்து, வடங்களுக்கிடையே 1 செ.மீ. இடைவெளி வேண்டுமென்றால், ஒவ்வொரு வெளிவடமும் அதன் உள்வடத்தைவிட ஏறக்குறைய 3 செ.மீ. நீளம் வேண்டும். முத்தானால் ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் நூலில் ஒரு முடிச்சு. முத்தும் முத்தும் உரசாது. நூல் அறுந்தாலும் ஒரு முத்தோடு போகும். முடிச்சில்லாத மாலை அறுந்தால் கட்டிலுக்கடியில் தவழ வேண்டியதுதான்.

ஆகவே நகைக்கடையில் மூன்று வடம் கேட்கும்போது, மூன்று இழையை முறுக்கிய செயினை எடுத்து நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். உங்கள் குளச்சல் கணக்கில் அது மூன்று புரி, ஒரே வடம்.