நலன்புரியும் தேசமும்: குடிபெயர்ந்தோர் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி (வெள்ளவத்தை): என் தம்பி பிரித்தானியாவில் புகலிடம் கோரியிருக்கிறார். அரசாங்கப் பணத்தில் சும்மா இருப்பவர்கள் என்று அங்கே ஏசுகிறார்களாம். அவர் ஏதாவது வேலை தேடிக்கொள்ளக் கூடாதா?

பதில்: அவர் தேடினாலும் சட்டம் விடாது. கோரிக்கை மீது முடிவு கிடைக்காமல் 12 மாதங்கள் கடந்து, அந்தத் தாமதம் அவரால் ஏற்பட்டதல்ல என்றிருந்தால் மட்டுமே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். கிடைக்கும் அனுமதியும் அரசு குறித்துவைத்த சில தொழில்களுக்கே செல்லுபடியாகும். அதுவரை, தானே சமைத்துக்கொள்பவர் என்றால் வாரத்துக்கு 50 பவுணுக்கும் குறைவான தொகையிலும், உணவு வழங்கும் விடுதியில் இருப்பவர் என்றால் 10 பவுணுக்கும் குறைவான தொகையிலும் காலந்தள்ள வேண்டும். உழைக்கத் தடை விதித்துவிட்டு, உழைக்காதவர் என்று பழிப்பது கொடுமை.

உழைத்து வரி கட்டுகிறவர்களின் நிலையையும் பாருங்கள். தற்காலிக விசாவில் இருப்போரை 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டம் பெரும்பாலான நலன்புரிக் கொடுப்பனவுகளிலிருந்து விலக்கிவைக்கிறது. அதற்கு மேலாக, 2024 பெப்ரவரி முதல், பெரும்பாலான வயதுவந்த விசாக்காரர் வரியோடு சேர்த்து ஆண்டுக்கு 1,035 பவுண் சுகாதார மேலதிகக் கட்டணமும் செலுத்துகிறார்கள். இவர்களையும் சுமை என்று சொல்பவர்கள் வரவு செலவைப் பார்த்துச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. யார் நம்மவர் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற கணக்கைப் பிறகு தேடுகிறார்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): என் பாட்டனார் பதுளைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரான மலையகத்தாரின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டதற்குத் தேர்தல் கணக்கு மட்டுந்தான் காரணமா?

பதில்: தேர்தல் கணக்கு பெரிய காரணம், ஆனால் அதற்கான நிலம் முன்பே பண்படுத்தப்பட்டிருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையின்மை பெருகியபோது, கொழும்புத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய ஏ.ஈ. குணசிங்கவே மலையாளத் தொழிலாளருக்கு எதிரான கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியர்களை நீக்கும் முடிவு எடுக்கப்பட்டது. நேரு கொழும்புக்கு வந்து பேசியும் பயனில்லாமற்போக, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்தியா அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் தடைசெய்தது.

இதே காலத்தில்தான் நாடு நலன்புரி அரசாக உருவெடுத்துக்கொண்டிருந்தது என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. லயன் அறை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. பகிர்ந்துகொடுக்கப் பொதுச் சொத்து ஒன்று உருவாகும்போதே, பங்காளிகளின் பட்டியலைச் சுருக்கும் அவசரமும் சேர்ந்து வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின், அரசு ஏற்க மறுத்த பொறுப்புகளைக் கேட்பதற்கு அவர்களிடம் வாக்கும் இருக்கவில்லை. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அவர்களில் எவரையும் கேட்டு எழுதப்பட்ட ஒப்பந்தமல்ல அது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. தேயிலையால் நாடு ஈட்டிய வருமானத்தை நினைத்தால், இந்தத் தாமதத்தை என்னால் இன்றும் அமைதியாக எழுத முடியவில்லை.

கேள்வி (தெஹிவளை): எங்கள் வீட்டுக்கே அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கவில்லை. இந்நிலையில் படகில் வந்த ரோஹிங்யாக்களைப் பராமரிப்பது நியாயமா?

பதில்: உங்கள் மனக்குறை உண்மையானது. ஆனால் அஸ்வெசும பயனாளிகளைத் தெரிவுசெய்ததில் உள்ள குறைகளுக்கு, 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையை அடைந்த 100இற்கும் மேற்பட்டோர் காரணமல்லர். அவர்கள் அந்தப் பட்டியலில் இடம்பெறுபவர்களும் அல்லர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இலங்கை கைச்சாத்திடவில்லை. இங்குள்ள அகதிகளுக்குத் தொழில் செய்யும் சட்ட உரிமையும் இல்லை. உங்களுக்கு மறுக்கப்பட்டதைப் பிரதேச செயலகத்தில் விடாமல் கேளுங்கள். அதைக் கேட்பதற்கு அவர்களைப் பகைக்க வேண்டியதில்லை. 1983இற்குப் பின் கடல் கடந்து சென்ற நம்மவர் தமிழ்நாட்டு முகாம்களில் பணக்கொடையும் அரிசியும் பெற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். இந்தியாவும் அந்தச் சாசனத்தில் கைச்சாத்திடாத நாடுதான்.

கேள்வி (வத்தளை): நீதிமன்றங்கள் இதில் எப்போதாவது தலையிட்டிருக்கின்றனவா?

பதில்: ஆம். ஜேர்மனியில் புகலிடக் கோரிக்கையாளருக்கான கொடுப்பனவு, விலைவாசி ஏறியும், 1993 முதல் உயர்த்தப்படாமலே இருந்தது. 2012 ஜூலையில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்றும், குடிவரவைக் கட்டுப்படுத்துவதற்காக மனித கண்ணியத்தைக் குறைக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. கனடாவில், 492 தமிழர்களுடன் ‘சன் சீ’ கப்பல் சென்றடைந்து இரண்டு ஆண்டுகளின் பின், 2012இல், அகதிகளுக்கான மருத்துவக் காப்பு வெட்டப்பட்டது. கூட்டாட்சி நீதிமன்றம் 2014இல் அந்த வெட்டைக் கொடூரமானது என்று கண்டித்தது. 2016இல் காப்பு முழுமையாக மீண்டும் வழங்கப்பட்டது.