தலைமை ஆசிரியர் எதைப் படிப்பது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. பொறுப்பேற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வகுப்பெடுத்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு வேண்டியதை நானே தேடிப் படிப்பேன். இப்போது தேடாமலேயே வந்து குவிகிறது. கல்விச் செய்திமடல்கள், இணையவழிக் கருத்தரங்க அழைப்புகள், தலைமை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வரும் கட்டுரைகள், இவற்றோடு துறைச் சுற்றறிக்கைகள். எதைப் படிப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. சென்ற ஆண்டு நிறைய இணையவழிப் பயிற்சிகளில் கலந்துகொண்டேன். சான்றிதழ்கள் கோப்பில் இருக்கின்றன. அவற்றால் என் பள்ளியில் ஒரு வகுப்பறையாவது மாறியதா என்று கேட்டால் பதில் இல்லை. என்னைப் போன்றவர்கள் தொடர்ந்து படிக்க வேண்டியவை எவை, சேர வேண்டிய பயிற்சிகள் எவை என்று சொல்ல முடியுமா? அலுவலக வேலையே நாள் முழுவதையும் விழுங்கிவிடும்போது இதற்கு நேரம் எங்கிருந்து வரும்?

அன்புடன்,
ஒரு தலைமை ஆசிரியை

அன்புள்ள தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் முக்கியமான கேள்வி நடுவில் இருக்கிறது: ஒரு வகுப்பறையாவது மாறியதா? அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வந்து குவியும் எல்லாவற்றையும் அதைக் கொண்டே சலித்துவிடலாம்.

தலைமை ஆசிரியர் கற்றுக்கொள்வதால் மாணவருக்கு என்ன கிடைக்கும் என்பது ஆராயப்பட்ட விஷயம். அமெரிக்காவின் வாலஸ் அறக்கட்டளைக்காக 2021இல் ஒரு குழு அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்தது. சராசரிக்குக் கீழே இருக்கும் ஒரு தலைமை ஆசிரியரின் இடத்தில் சராசரிக்கு மேலே இருக்கும் ஒருவர் வந்தால், அந்தப் பள்ளியின் மாணவர்கள் ஓராண்டில் கணிதத்திலும் வாசிப்பிலும் ஏறத்தாழ மூன்று மாதக் கற்றல் அளவுக்குக் கூடுதலாக முன்னேறுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. ஒரு நல்ல ஆசிரியரின் பலன் அவருடைய வகுப்போடு நிற்கும். இதுவோ பள்ளி முழுவதற்கும் போய்ச் சேர்கிறது. ஆகவே நீங்கள் படிக்க நேரம் தேடுவதைச் சொந்த ஆசையாக நினைத்துத் தயங்க வேண்டாம். உங்கள் பணியின் உள்ளடக்கமே அதுதான்.

ஆனால் எந்தக் கற்றல்? நியூசிலாந்தின் விவியன் ராபின்சன் தன் சகாக்களோடு 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. தலைமை ஆசிரியர்கள் செய்பவற்றை ஐந்து வகையாகப் பிரித்து, மாணவர் கற்றலோடு ஒவ்வொன்றுக்கும் உள்ள தொடர்பை அளந்தார்கள். இலக்கு வகுப்பது, கற்பித்தலைத் திட்டமிட்டு மதிப்பிடுவது, வளங்களை ஒதுக்குவது, ஒழுங்கான சூழலை அமைப்பது ஆகிய நான்கையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது ஐந்தாவது வகை: ஆசிரியர்களின் கற்றலுக்கு வழிசெய்வதோடு, தானும் அதில் பங்கெடுப்பது. மாணவர் கற்றலோடு அதற்கு உள்ள தொடர்பின் மதிப்பு 0.84. அடுத்த நிலையில் இருப்பவை 0.42. சில ஆய்வுகளைக் கொண்டு கணித்த எண் என்பதால் தசமங்களை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் திசை தெளிவு. ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு அலுவலக அறைக்குத் திரும்பும் தலைமை ஆசிரியர் இந்த ஐந்தாவது வகையில் வரமாட்டார். அவர்களோடு உட்கார்ந்து, தனக்குப் புரியாததைக் கேட்டு, குறிப்பெடுப்பவர் வருவார்.

உங்கள் சான்றிதழ்கள் கோப்பிலேயே தங்கிவிட்டதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் தனியாகக் கற்றீர்கள். உங்களோடு சேர்ந்து அதைக் கற்ற ஆசிரியர் யாரும் பள்ளியில் இல்லை.

சேர்ந்து கற்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர், மாணவர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் அடுத்த மாணவரிடம் போய்விடுவார், அல்லது தானே விடையைச் சொல்லிவிடுவார். காத்திருப்பை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்களின் நீளம் கூடியது, தாமாகப் பேச முன்வந்தவர்கள் கூடினார்கள், "தெரியாது" என்பது குறைந்தது. பணம், கருவி, அனுமதி எதுவும் தேவைப்படாத மாற்றம் இது. எந்தப் பாடத்துக்கும் பொருந்தும்.

இதைப் பற்றி இரண்டு பக்கம் எடுத்து ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து படியுங்கள். விருப்பமுள்ள மூன்று பேர் இரண்டு வாரம் செய்து பார்க்கட்டும். நீங்கள் அந்த வகுப்புகளில் பின்வரிசையில் அமர்ந்து, கேள்வி முடிந்ததும் மனதுக்குள் விநாடிகளை எண்ணுங்கள். தாளில் தீர்ப்பு எதையும் எழுதாதீர்கள். "நன்று", "முன்னேற்றம் தேவை" போன்ற சொற்களால் ஆசிரியருக்கு ஒரு பயனும் இல்லை. "ஏழு கேள்விகள், ஐந்துக்குப் பதில் சொன்னவர்கள் முதல் இரண்டு வரிசைக்காரர்கள், நான்காவது கேள்விக்குப் பிறகு நீங்கள் காத்திருந்தபோது சன்னலோர மாணவி கை தூக்கினாள்" என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். அன்று மாலைக்குள் அந்த ஆசிரியரோடு பத்து நிமிடம் பேசுங்கள். பேச்சை அவர் தொடங்கட்டும். முடிந்தால் நீங்களும் வாரத்துக்கு ஒரு வகுப்பெடுத்து, அவரைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். தலைமை ஆசிரியரின் வகுப்பை ஓர் ஆசிரியர் கவனித்துக் குறை சொல்ல முடிகிற பள்ளியில், தன் வகுப்பைப் பிறர் பார்ப்பது குறித்த அச்சம் மற்றவர்களுக்கும் விரைவில் போய்விடும்.

வகுப்புகளை எட்டிப் பார்த்துவிட்டு நகர்வது வேறு, இது வேறு. அமெரிக்காவின் மயாமி-டேட் பகுதியில் ஏறத்தாழ நூறு தலைமை ஆசிரியர்களை முழு வேலைநாளும் உடனிருந்து கவனித்து, அவர்கள் நேரத்தை எதில் செலவிட்டார்கள் என்று பதிவு செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. கற்பித்தல் தொடர்பான வேலைக்குக் கிடைத்தது அவர்கள் நேரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதிலும் மற்ற எதையும்விட அதிக நேரம் வகுப்புகளைச் சுற்றிப் பார்ப்பதில் போனது. அந்தச் சுற்றுகளில் அதிக நேரம் செலவிட்ட பள்ளிகளில் மாணவர் முன்னேற்றம் குறைவாகவே இருந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து பயிற்றுவித்த நேரமோ முன்னேற்றத்தோடு சேர்ந்து வந்தது. நேரம் எங்கிருந்து வரும் என்ற உங்கள் கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. புதிதாக நேரம் தேடுவதற்கு முன், வராண்டாவில் கழியும் நேரத்தை ஒரே வகுப்பில் அமர்ந்து செலவிடுங்கள்.

இனி படிக்க வேண்டியவை. சுற்றறிக்கைகளைச் செய்தியோடு கலக்காதீர்கள். அவற்றுக்குக் கெடு உண்டு. அலுவலகத்தில் ஒருவர் பிரித்து, தேதியைக் குறித்து, உங்களுக்குத் தேவையானதை மட்டும் மேசைக்கு அனுப்பட்டும். செய்திக்கு வாரத்தில் ஓர் அமர்வு போதும். அன்றே தெரிந்தாக வேண்டிய கல்விச் செய்தி மிகக் குறைவு.

ஆய்வுகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இங்கிலாந்தின் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன். 2011இல் தொடங்கிய அறக்கட்டளை இது. பின்னூட்டம், வாசிப்புப் புரிதல், வகுப்பின் அளவு என ஒவ்வொரு முறைக்கும் அதனால் எத்தனை மாதக் கற்றல் கூடுகிறது, எவ்வளவு செலவாகும், சான்று எவ்வளவு உறுதியானது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். இலவசம். சான்று வலுவற்றது என்றால் அதையும் மறைப்பதில்லை. எனக்கு அவர்களிடம் பிடித்தது அதுதான். யுனெஸ்கோவின் 2024-25ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை முழுவதும் கல்வித் தலைமை பற்றியது. அதுவும் இலவசம். பிற நாடுகளில் தலைமை ஆசிரியர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், எப்படித் தயாராகிறார்கள் என்பதை அதில் பார்க்கலாம். வாரச் செய்திக்கு 1981 முதல் வெளிவரும் எஜுகேஷன் வீக் இருக்கிறது. அமெரிக்க அரசியல் செய்திகளைத் தாண்டிச் சென்று கற்பித்தல் பகுதியை மட்டும் படியுங்கள். இவை போதும் என்பது என் எண்ணம். பத்தாவது செய்திமடலில் வருவது பெரும்பாலும் முதல் மூன்றில் வந்ததன் மறுபதிப்பு.

வாட்ஸ்அப் கட்டுரைகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். "படிப்பதில் 10 விழுக்காடு, கேட்பதில் 20 விழுக்காடு, பிறருக்குக் கற்பிப்பதில் 90 விழுக்காடு நினைவில் நிற்கிறது" என்ற கூம்புப் படம் உங்களுக்கும் வந்திருக்கும். ஆசிரியர் பயிற்சிகளில்கூடத் திரையிடப்படுகிறது. அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் வரைந்த மூலக் கூம்பில் எண்களே கிடையாது. விழுக்காடுகளைப் பிறர் பின்னால் ஒட்டினார்கள். அவற்றுக்கு அடிப்படையான ஆய்வு எதையும் யாரும் காட்டியதில்லை. ஒரு முறையைப் பள்ளிக்குள் கொண்டுவரும் முன் எத்தனை மாணவர்களிடம் செய்து பார்த்தார்கள், எவ்வளவு காலம், அதைச் செய்யாத மாணவர்களோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். கட்டுரையில் விடை இல்லையென்றால் அதைக் குழுவில் மேலும் பகிராதீர்கள். ஒரு தலைமை ஆசிரியர் அனுப்பினால் அதை ஆசிரியர்கள் உத்தரவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். முன்பே களைத்திருக்கும் ஒருவரின் தோளில் அது இன்னொரு சுமையாக ஏறுகிறது.

பயிற்சி அழைப்புகளை எடைபோடவும் வழி உண்டு. ஆசிரியர் பயிற்சிகளில் எவை பலன் தருகின்றன என்று அதே எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் 2021இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அறிவைச் சேர்ப்பது, ஊக்கப்படுத்துவது, உத்திகளைப் பழக்குவது, பழகியதை அன்றாட வேலையில் ஊன்றச் செய்வது என்று நான்கு தொகுதிகள் அதில் உள்ளன. பெரும்பாலான இணையவழிக் கருத்தரங்குகள் முதல் இரண்டோடு முடிந்துவிடுகின்றன. பேச்சாளர் நன்றாகப் பேசுகிறார், நமக்கும் உற்சாகம் வருகிறது, திங்கட்கிழமை பழைய கால அட்டவணை காத்திருக்கிறது. நான்காவது தொகுதிக்கு இடம் இருக்கிறதா என்று அமைப்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து யாராவது தொடர்புகொள்வார்களா, செய்து பார்த்ததைப் பற்றிப் பேச இரண்டாவது அமர்வு உண்டா?

அமைப்பாளர் அதற்கு வழிசெய்யவில்லை, ஆனாலும் தலைப்பு உங்கள் பள்ளிக்குத் தேவையானது என்றால், இரண்டு ஆசிரியர்களை உடன் அழைத்துக்கொண்டு ஒரே அறையில் ஒரே திரையின் முன் உட்காருங்கள். முடிந்ததும் எழுந்துவிடாமல், எந்த வகுப்பில், எந்தக் கிழமையில் செய்து பார்ப்பது என்று அங்கேயே மூவரும் குறித்துக்கொள்ளுங்கள். வர விரும்பும் ஆசிரியர் ஒருவர்கூட இல்லையென்றால் அந்த அழைப்பை மறுத்துவிடலாம்.

அன்புடன்