பம்பைக்கு நடக்கும் கால்

இசையையும் உடம்பையும் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழுக்கு ஒதுக்கியிருக்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். மருந்து எழுதும் ஆள் இல்லை, நடக்க வைக்கும் ஆள். பதில்களையும் அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, பார்க்கின்சன் நோய். வாசற்படி வந்தால் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். ஆனால் ஆடித் திருவிழாவில் பம்பைக்காரர்கள் பின்னால் தெருமுனை வரை விறுவிறுவென்று நடந்தார். “எல்லாம் நடிப்பு” என்கிறார் என் அண்ணன். அப்படியா?
— வாசகி, குகை, சேலம்

பதில்: முதலில் இதை அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள். நடிப்பே இல்லை.

நடக்கும்போது அடுத்த அடி எப்போது என்று நாம் யோசிப்பதில்லை. மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்ற பகுதி அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது. பார்க்கின்சனில் டோபமைன் என்ற மூளை ரசாயனம் குறைவதால் அந்த உள்தாளம் தடுமாறுகிறது. காலில் பலம் இருக்கும், ‘கிளம்பு’ என்ற உத்தரவுதான் வராது. வாசற்படி, குறுகலான இடம், திரும்பும் இடம் என்றால் இன்னும் மோசம். வெளியிலிருந்து ஒரு தாளம் காதில் விழுந்தால் மூளை அதைப் பிடித்துக்கொண்டு வேறு வழியில் காலை நகர்த்திவிடுகிறது. பம்பை செய்தது அதைத்தான்.

இதை வைத்தே ஒரு பயிற்சி உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் தாட் குழுவினர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், தாளத்தோடு 3 வாரம் தினமும் நடந்து பழகிய பார்க்கின்சன் நோயாளிகளின் நடைவேகம் 25 சதவீதம் கூடியது.

வீட்டில் செய்வது சுலபம். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், அப்பா நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். 90 என்றால் செல்போனில் சீராக டிக்டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை 90-ல் வைத்து நடக்கவிடுங்கள். வேகத்தைக் கூட்ட அவசரப்படாதீர்கள். பாட்டுதான் வேண்டும் என்றால், அடி ஒரே சீராக விழுகிற பாட்டாக இருக்கட்டும். ஆலாபனை இதற்கு உதவாது. என்னிடம் வந்த ஒரு கைத்தறிக்காரருக்கு மெட்ரோனோமின் டிக்டிக் பிடிக்கவே இல்லை. அவர் மனைவி எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தறிச் சத்தம்போலத் தட்டினார். மனிதர் நடந்தார். நடந்துகொண்டே, “இது தறியா? நாடா சீரா ஓட வேண்டாமா?” என்று அதட்டவும் செய்தார்.

நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிற்கட்டும். உடம்பின் எடையை இடமும் வலமும் மாற்றட்டும், இரண்டு மூன்று தட்டு கேட்கட்டும், அப்புறம் அடி வைக்கட்டும். கால்மிதிகளைச் சுருட்டி வையுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அண்ணனே இருக்கலாமே.

கேள்வி: ஆனந்தபைரவி கேட்டால் ரத்த அழுத்தம் இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. மாத்திரையை விட்டுவிடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி

பதில்: கூடாது, சார். அந்தப் பட்டியல் எனக்கும் வந்தது. மூட்டுவலிக்குக்கூட ஒரு ராகம் போட்டிருந்தார்கள். அது பலித்தால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் 24 பேருக்கு ஆறு வகை இசையைப் போட்டுக் காட்டினார்கள். நம் சிதாரும் அதில் உண்டு. வேகமான இசைக்கு மூச்சும் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. எந்த வகை இசை என்பதைவிட அதன் வேகமே முக்கியமாக இருந்தது. நடுவில் 2 நிமிடம் இசையை நிறுத்தியபோது, தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடவும் அவை இறங்கின. அதனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆனந்தபைரவி கேளுங்கள். முடிந்த கையோடு டிவி செய்தியைப் போடாதீர்கள்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவால் ‘தண்ணி’ என்றுகூடச் சொல்ல முடியவில்லை. ஆனால் மாரியம்மன் தாலாட்டை வார்த்தை பிசகாமல் பாடுகிறார். பேச்சு திரும்புகிறதா?
— வாசகர், ஆத்தூர்

பதில்: பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை நடத்துவது இடது பக்க மூளை. பாட்டு இரண்டு பக்கத்திலும் பரவிக் கிடக்கிறது, அதனால் தப்பிக்கிறது. மனப்பாடப் பாட்டு வருவதால் மட்டும் பேச்சு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதை வைத்துப் பேச்சுக்கு வழி தேடலாம்.

1973-ல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் இதற்கு ஒரு முறையை வெளியிட்டார்கள். அன்றாடம் தேவையான சின்ன வாக்கியத்தை மேலும் கீழுமாக இரண்டே சுரத்தில் இழுத்துச் சொல்ல வேண்டும், கூடவே அம்மாவின் இடது கையை ஒவ்வொரு அசைக்கும் மெல்லத் தட்ட வேண்டும். ‘தண்ணி வேணும்’ என்பதில் தொடங்குங்கள். எல்லோருக்கும் பலிக்காது. அம்மாவுக்குப் பொருந்துமா என்று ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

மற்ற நேரத்தில் அம்மாவுக்குப் பிடித்த பாட்டுகள் ஓடட்டும். ஹெல்சிங்கியில் பக்கவாதம் வந்த 60 பேரை வைத்து நடந்த ஆய்வில் (2008), முதல் 2 மாதம் தினமும் தாங்களே தேர்ந்தெடுத்த இசையைக் கேட்டவர்களுக்கு, கதைப் புத்தக ஒலிப்பதிவு கேட்டவர்களைவிட ஞாபகம் நன்றாகத் தேறியது. உங்களுக்குப் பிடித்ததைப் போடாதீர்கள்.

கேள்வி: பாட்டு கேட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படிக்கலாமா?
— மாணவி, ஏற்காடு

பதில்: வரிகள் உள்ள பாட்டு, படிக்கும் வரிகளோடு மல்லுக்கு நிற்கும் கண்ணு. கணக்குப் போடும்போது பரவாயில்லை. வரலாறு படிக்கும்போது வேண்டாம்.

கேள்வி: விசைத்தறியில் 10 மணி நேர வேலை. இயர்போனில் பாட்டு ஓடினால்தான் அலுப்பு தெரிவதில்லை. இப்போது ராத்திரியில் காதுக்குள் ‘ஙொய்’ என்று சத்தம் கேட்கிறது.
— வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: அம்மாப்பேட்டைத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான், உங்கள் அலுப்பு எனக்குத் தெரியும். பாட்டு மனதைத் தூக்கிவிடுவதும் நிஜம்தான். பிடித்த இடம் வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போதே மூளையில் டோபமைன் சுரப்பதை மான்ட்ரியலில் 2011-ல் ஸ்கேன் எடுத்தே காட்டினார்கள்.

ஆனால் காது தாங்காது தம்பி. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம்தான் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 88 என்றால் 4 மணி நேரம். தறிக்கூடம் 90-ஐச் சாதாரணமாகத் தாண்டும். பாட்டு கேட்க வேண்டும் என்றால் நீங்கள் அதற்கும் மேல் வைக்க வேண்டியிருக்கும். உள்காதின் மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது.

இந்த வாரமே அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனையை எடுங்கள். தறி ஓடும்போது காதில் இருக்க வேண்டியது இயர்போன் இல்லை, சத்தத்தை அடைக்கும் இயர்பிளக். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். பக்கத்துத் தறிக்காரருக்கும் ஒரு ஜோடி வாங்கிக்கொடுங்கள்.