ஓடையை மறித்து மோட்டார் வைத்தால் கீழ் நிலத்துக்காரர் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் நிலத்தை ஒட்டி ஓர் ஓடை போகிறது. கோடையில் வற்றிவிடும். எங்களுக்கு மேலே நிலம் வைத்திருப்பவர் இரண்டு வருடமாக மணல் மூட்டை அடுக்கி ஓடையை மறித்து, மோட்டார் போட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் இன்னொரு தோட்டத்துக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுபோகிறார். கேட்டால், “என் நிலத்தில் ஓடுகிற தண்ணீர் எனக்குச் சொந்தம், பாதி வருடம் காய்ந்து கிடப்பதெல்லாம் ஓடையே இல்லை” என்கிறார். மூட்டைகளை நானே பிரித்துவிடலாமா?

பதில்: பிரிக்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்கள் கை வைத்தால் நாளைக்கு போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

அவர் சொல்லும் இரண்டுமே தவறு. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 7ஆம் பிரிவில், இயற்கையாக, தெரிந்த தடத்தில் ஓடும் எதுவும் நீரோடைதான் என்கிறது. வருடம் முழுக்க ஓடினாலும் சரி, விட்டுவிட்டு ஓடினாலும் சரி. அப்புறம், ஓடும் தண்ணீர் கரைக்காரர் யாருக்கும் சொத்து இல்லை. அவருக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை. அதே உரிமை உங்களுக்கும் உண்டு. அளவும் போக்கும் பெரிதாக மாறாமல் தண்ணீர் உங்கள் எல்லைக்கு வந்து சேர வேண்டும் என்பதும் அதே பிரிவு தரும் உரிமைதான்.

குடிக்க, வீட்டுத் தேவைக்கு, ஆடு மாடுகளுக்கு என்று அவர் எடுப்பதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பாசனத்துக்கும் எடுக்கலாம், ஆனால் உங்களைப் போன்ற மற்றக் கரைக்காரர்களுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு வரக்கூடாது. இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சட்டம் தரும் இந்தப் பாசன உரிமை ஓடையை ஒட்டிய நிலத்துக்கு மட்டும்தான். ரோட்டைத் தாண்டியிருக்கும் தோட்டம் ஓடையைத் தொடவில்லை என்றால், அந்தத் தோட்டத்துக்காக இந்த உரிமையை அவர் கேட்க முடியாது. உங்கள் வழக்கின் பலமே இந்தக் குழாய்தான் என்பேன். அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்து, அந்த நிலத்தின் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மோட்டார் ஓடையில் இருக்கிறதா, அவர் கிணற்றிலா? தெரிந்த தடம் இல்லாமல் பூமிக்கு அடியில் ஊறும் தண்ணீரை அவரவர் நிலத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டம் சொல்வதால், கிணறு என்றால் கதை வேறு.

ஓடைகளின் நீரை முறைப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு. அதனால் அவரிடம் அனுமதி இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஓடை, புறம்போக்கு என்று பதிவாகியிருக்கிறதா என்று ‘அ’ பதிவேட்டிலும் (கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதிய வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்பட நகலிலும் (நிலத்தின் எல்லை அளவுகள் கொண்ட சர்வே வரைபடம்) பாருங்கள். பதிவாகியிருந்தால் மூட்டை அடுக்கியிருப்பது அரசு நிலத்தில். ஆக்கிரமிப்பு என்று தாசில்தாரிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் வேலியும் ஓடைக்குள் போயிருந்தால் அதை முதலில் பின்னுக்கு எடுத்துவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

மனுவை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். முன்சீப் கோர்ட்டில் தடுப்பை அகற்றவும் இனிமேல் மறிக்காமல் இருக்கவும் உறுத்துக் கட்டளை (இதைச் செய், இதைச் செய்யாதே என்று கோர்ட் போடும் உத்தரவு) கேட்டு வழக்குப் போடுங்கள். கூடவே வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கச் சொல்லி மனு போடுங்கள். அவர் வந்து மூட்டை வரிசையின் உயரம், குழாயின் அளவு, அது போகும் இடம், உங்கள் பக்கம் ஓடை காய்ந்து கிடப்பது எல்லாவற்றையும் அறிக்கையாகக் கொடுப்பார். ஓடையில் தண்ணீர் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். வற்றிய பிறகு அவர் வந்து பார்த்துப் பயன் இல்லை.

இரண்டு வருடம்தானே என்று இன்னும் தள்ளிப்போடாதீர்கள். வெளிப்படையாக, உரிமையாக, தடையில்லாமல் 20 ஆண்டுகள் ஒருவர் அனுபவித்துவிட்டால் அதுவே அவருக்கு உரிமையாக மாற வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு வழி விடுகிறது. பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும். வழக்கில் அரசையும் சேர்ப்பதாக இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை; அவசரம் என்றால் கோர்ட் அனுமதியோடு அதற்கு முன்பே தாக்கல் செய்யலாம்.