மலேசியாவின் கெடா மாநிலத்துப் பெடோங்கிலிருந்து ஜெராய் மலை: அப்பாவோடு நடக்கலாமா?

தம்பி, அப்பா சொல்லும் 'கெடா பீக்'கும் இப்போது பலகையில் இருக்கும் குனோங் ஜெராயும் ஒரே மலைதான். 'கெடா பீக்' வெள்ளைக்காரன் காலத்துப் பெயர். எஸ்டேட் பெரியவர்கள் இன்னும் விடவில்லை. உயரம் 1,217 மீட்டர். கடலிலிருந்தே தெரிவதால் அந்தக் காலக் கப்பல்காரர்களுக்கு இதுதான் அடையாளம். ராஜேந்திர சோழன் படை 1025-இல் வந்த கடாரம் இந்த வட்டாரம்தான் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

எழுபது வயதில் முழுக்க ஏற்றம் வேண்டாம். மலையடிவாரத்து ஊரான குருனிலிருந்து மேலே தார்ச்சாலை போகிறது. பாதிக்கு மேல் காரில் போய், மிச்சத்தை விடியற்காலையில் நடங்கள். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். அப்புறம், இறங்கியதும் மெர்போக்கில் புக்கிட் பத்து பஹாட் சண்டியை (பழங்காலக் கோயிலின் இடிபாடு) அவருக்குக் கட்டாயம் காட்டுங்கள்.